ஐந்து மணித்தியாலப் பெருமை

வெள்ளவத்தையில் அண்மையில் ஒரு திருமண வரவேற்பு. உணவு மேசையில் எனக்கு எதிரே அமர்ந்திருந்தவர் புதுக் கார் வாங்கி மூன்று வாரமாகிறது என்றார். வாங்கிய மறுநாளே யாழ்ப்பாணம் சென்றாராம். "விடியப்பறம் நாலரைக்கு வெளிக்கிட்டனாங்கள். ஒன்பதரைக்கு நல்லூர் வாசல்லை நிக்கிறன். ஐஞ்சே மணித்தியாலம்" என்றார். மேசையைச் சுற்றியிருந்தவர்கள் வியந்து பாராட்டினார்கள். இன்னொருவர் தம் மருமகன் நாலே முக்கால் மணித்தியாலத்தில் போன கதையை எடுத்துவிட்டார். "புது எஞ்சினை முதல்லையே நல்லா இழுத்து ஓடவேணும். அப்பதான் அது திறக்கும்" என்று மூன்றாமவர் அறிவியல் விளக்கமும் தந்தார்.

நான் வாய் திறக்கவில்லை. மணவீட்டில் வாதம் புரிவது அழகன்று என்பது ஒரு காரணம். மற்றக் காரணம் என்னைப் பற்றியது. அது பின்னால் வரும்.

அன்று சொல்லாததை இன்று எழுதுகிறேன். புதுக் காரை நீண்ட பயணமொன்றில் பழக்குவது தவறன்று. ஆனால் நம்மவர்கள் அந்தப் பெயரில் செய்வது வண்டியைப் பழக்குவதே அன்று. அது வண்டிக்குக் கேடு. சட்டத்துக்கு விரோதம். வழியில் வசிப்பவர்களின் உயிருக்கு ஆபத்து. இவை மூன்றையும் தெரிந்துகொண்டே நாம் அதனைச் சாதனை என்று கொண்டாடுகிறோம் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

இந்தக் கொண்டாட்டம் ஏன் இப்போது பெருகியிருக்கிறது என்பது விளங்காததன்று. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரி முதலாம் திகதிதான். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய கார்களின் விலை காணித்துண்டின் விலைபோல் ஏறியது. 2022 இல் எரிபொருளுக்காக இரவு பகலாக வரிசையில் கிடந்தோம். கியூஆர் குறியீட்டைக் காட்டி லீற்றர் கணக்கில் பெற்றோல் வாங்கினோம். அத்தனை பட்டினிக்குப் பின்னர், வண்டியின் விலைக்கு நிகராக வரியும் செலுத்திப் புதுக் கார் ஒன்றை வாங்குபவருக்கு அதை எங்காவது ஓட்டிக்காட்ட வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு. கொழும்புத் தமிழருக்கு அந்த "எங்காவது" பெரும்பாலும் யாழ்ப்பாணம்தான். சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய கையோடு வண்டி வடக்கே திரும்பிவிடுகிறது.

நான் குடியிருப்பது ஒருகொடவத்தையில். கொழும்பை நன்கறிந்தவர்களும் இந்த இடத்தைப் பேஸ்லைன் வீதியின் வடக்கு முனை என்றோ, கொள்கலன் லொறிகள் வரிசைகட்டும் சுங்கத் திடல் என்றோதான் நினைவில் வைத்திருப்பார்கள். மோட்டார் வாகனப் பொறியியல் கற்பிக்கும் அரச பயிற்சி நிறுவனமொன்றும் இங்கே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2021 நவம்பரில் களனி கங்கையின் மேல் புதிய பாலம் திறக்கப்பட்ட பின்னர் எங்கள் பகுதிக்கு இன்னொரு சிறப்பும் சேர்ந்தது. ஒருகொடவத்தையில் பாலத்தின் ஏறுபாதையில் ஏறினால் பேலியகொடையில் நேரே கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலையில் இறங்கலாம். வீட்டு வாசலில் எஞ்சினை முடுக்கிய சில நிமிடங்களுக்குள், எண்ணெய் முழுதாகச் சூடேறுமுன்னரே, வண்டி 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடலாம். விடியற்காலையில் என் பல்கனியில் நின்றால், இலக்கத்தகடு இன்னும் பளபளக்கும் கார்கள் அந்த ஏறுபாதையில் உறுமிக்கொண்டு ஏறுவதைக் கேட்கலாம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கணக்குக்குச் சாதியும் இல்லை, கட்சியும் இல்லை. கொழும்பிலிருந்து புத்தளம், அநுராதபுரம், வவுனியா வழியாக யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இதில் அதிவேக நெடுஞ்சாலை கட்டுநாயக்க வரையிலான சுமார் 26 கிலோமீற்றர் மட்டுமே. அங்கே உச்ச வேகம் மணிக்கு 100. மீதி 374 கிலோமீற்றரும் சாதாரண வீதி. அதில் கார்களுக்குச் சட்டம் அனுமதிக்கும் வேகம் ஊர்மனைகளுக்கு வெளியே 70, ஊர்மனைக்குள் 50. நீர்கொழும்பும் சிலாபமும் புத்தளமும் வவுனியாவும் கிளிநொச்சியும் சாவகச்சேரியும் வரைபடத்திலிருந்து மறைந்துவிட்டன, சந்திகளும் பாடசாலைகளும் கடவைகளும் இல்லை, தேநீருக்கும் இயற்கை உபாதைக்கும் யாரும் நிற்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும், நெடுஞ்சாலையில் 100 இலும் மீதித் தூரம் முழுவதும் 70 இலும் ஓடினால் 5 மணித்தியாலம் 36 நிமிடம் ஆகும். எனவே "ஐந்து மணித்தியாலம்" என்று ஒருவர் சொல்லும்போது, தாம் சட்டத்தை மீறியதாக அவர் வாக்குமூலம் தருகிறார். நாம் அதற்குக் கைதட்டுகிறோம்.

இனி வண்டிக்கு வருவோம். புது எஞ்சினில் பழக்குவதற்கு என்ன இருக்கிறது?

சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடிபோல் வழுவழுப்பானது என்று நினைப்போம். அப்படியன்று. தொழிற்சாலையில் அச்சுவரில் குறுக்கும் மறுக்குமாக நுண்ணிய கீறல்களை வேண்டுமென்றே இடுகிறார்கள். எண்ணெய் அக்கீறல்களில் தங்கும். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் இச்சுவரோடு உராய்ந்து, இரண்டிலுமுள்ள மேடுகள் சிறிது சிறிதாகத் தேய்ந்து, ஒன்றோடொன்று பொருந்துகின்றன. இந்தப் பொருத்தம் சரியாக அமைந்தால் எரிவாயு கசியாது, எண்ணெய் வீணாக எரியாது. வளையத்தைச் சுவரோடு சேர்த்து அழுத்துவது எரிதலின் அழுத்தமே. ஆகவே எஞ்சினுக்குச் சுமை ஏறவும் வேண்டும், இறங்கவும் வேண்டும். எப்போதும் ஒரே மெல்லிய சுமையில் ஓடினால் வளையம் போதிய அளவு அழுந்தாது. எடுத்த எடுப்பிலேயே உச்சத்துக்கு விரட்டினால் பொருந்தாத மேடுகள் அளவுமீறிச் சூடேறும்.

இதற்காகத்தான் கையேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. டொயோட்டாவின் பல மாதிரிகளின் கையேடுகள் சொல்வது இது: முதல் 300 கிலோமீற்றருக்குத் திடீரென்று பிரேக் போடுவதைத் தவிர்க்கவும். முதல் 1,000 கிலோமீற்றருக்கு மிகை வேகம் வேண்டாம், திடீரென முடுக்க வேண்டாம், தாழ்ந்த கியரிலேயே தொடர்ந்து ஓட்ட வேண்டாம், நெடுநேரம் ஒரே வேகத்தில் ஓட்டவும் வேண்டாம். கடைசி அறிவுரையைக் கவனியுங்கள். குரூஸ் கொன்ட்ரோலை அழுத்திவிட்டுக் காலை மடக்கிக்கொண்டு போகும் பயணம், புது வண்டிக்கு எது கூடாதென்று கையேடு சொல்கிறதோ அதுவே.

இங்கே இரண்டு கட்சிகள் உண்டு. "நாற்பது மைலுக்கு மேலை போகாதை" என்று பின்னாசனத்திலிருந்து எச்சரிக்கும் பெரியவர்கள் ஒரு கட்சி. அவர்களுடைய காலத்தில் அது சரியாகவே இருந்தது. அன்றைய எஞ்சின்கள் இன்றையவைபோல நுணுக்கமாகச் செதுக்கப்பட்டவையல்ல. இங்கிலாந்தில் அக்காலத்தில், எஞ்சின் பழகிக்கொண்டிருக்கிறது, தயவுசெய்து முந்திச் செல்லுங்கள் என்று பின் கண்ணாடியில் எழுதி ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். ஆனால் இன்றைய வண்டியை வாரக்கணக்கில் ஆமைபோல் ஊர்ந்து ஓட்டுவதும் அதற்கு நன்மை செய்வதில்லை. "முதல் நாளே விரட்டு" என்பது மற்றக் கட்சி. இவர்களுக்கு இணையத்தில் பார்த்த பந்தயக்காரரின் காணொளி வேதவாக்கு. பந்தய எஞ்சினைச் சில நாள் ஓட்டத்துக்குப் பின் கழற்றிப் பிரித்துப் பார்ப்பார்கள். நாம் வாங்கும் காரோ பதினைந்து வருடம் உழைக்க வேண்டியது. இரு கட்சியினரும் படிக்காத ஒரே நூல் கையேடுதான்.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். இந்நாட்டில் "புதுக் கார்" என்று நாம் வாங்குவனவற்றில் பெருந்தொகையானவை ஜப்பானில் வேறொருவர் ஓட்டிக் கழித்தவை. அவற்றின் எஞ்சின் அங்கேயே பழகிவிட்டது. வாங்கியவர் "எஞ்சினைத் திறக்கிறேன்" என்று விரட்டுவது, பேரப்பிள்ளை கண்டவருக்குப் பால் பருக்கக் கற்றுக்கொடுப்பது போன்றது. கையேடும் ஜப்பானிய மொழியில் இருப்பதால் அது உறை பிரியாமல் பெட்டிக்குள் உறங்குகிறது. அப்படியானால் விரட்டலாம்தானே என்பீர்கள். அங்கேதான் என் மூன்றாவது குற்றச்சாட்டு வருகிறது. இப்போது என் கதையையும் சொல்ல வேண்டும்.

2025 இல் நானும் ஒரு கார் வாங்கினேன். சிறியது, உண்மையிலேயே புதியது. மீற்றரில் இரட்டை இலக்கம்தான் இருந்தது. அப்போது அக்காவின் மகன் ரொறன்ரோவிலிருந்து இரண்டு வார விடுமுறையில் வந்திருந்தான். "மாமா, ஆயிரம் கிலோமீற்றர் ஓடினால்தான் வண்டி வண்டியாகும். யாழ்ப்பாணம் போய் வந்தால் எண்ணூறு. ஒரே மூச்சிலை அலுவல் முடிஞ்சுது" என்றான். கணக்கு எனக்கும் பிடித்திருந்தது. கையேட்டை நான் வாசித்திருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வாசித்தும் மூன்றாம் நாள் அதிகாலையில் ஒருகொடவத்தையில் ஏறினேன்.

ஓமந்தையைத் தாண்டியதும் வீதி காப்பெட் விரித்ததுபோல் நேராக நீண்டு கிடக்கும். இருபுறமும் காடு. எதிரே வாகனமும் அதிகமில்லை. முள் 110 ஐத் தொட்டது எனக்கே தெரியாது என்று எழுத ஆசைதான். தெரியும். மருமகன் நேரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தான். நானும் மகிழ்ந்துகொண்டே வந்தேன். கனகராயன்குளத்துக்குச் சற்று முன்னர் ஒரு கிரவல் ஒழுங்கையிலிருந்து, பின்னால் அரிசிப் பை கட்டிய சைக்கிளோடு ஒரு சிறுவன் வீதியில் ஏறினான். பிரேக்கை முழுப் பலத்தோடும் மிதித்தேன். வண்டி நான் எதிர்பார்த்த இடத்தில் நிற்கவில்லை. ஒரு கை நீளத்தில் அவனைக் கடந்து, நெடுந்தூரம் சென்று, பாதி வீதியிலும் பாதி மண்ணிலுமாக நின்றது.

ஏன் நிற்கவில்லை என்பதைப் பின்னர் விளங்கிக்கொண்டேன். மணிக்கு 70 இல் ஓடும் வண்டி ஒரு விநாடியில் 19 மீற்றர் செல்கிறது. 110 இல் ஓடுவது 30 மீற்றருக்கு மேல். கால் பிரேக்குக்குப் போகுமுன்னரே இந்தத் தூரம் கழிந்துவிடும். மிதித்த பிறகு நிற்பதற்கான தூரமோ வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 70 இலிருந்து 110 க்கு அது ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அதற்கு மேல், புதுப் பிரேக் கட்டைகள் தட்டோடு இன்னும் பொருந்தியிருக்கவில்லை. புது டயர்களின் மேற்பரப்பு இன்னும் தேய்ந்து பிடிப்புக் கொள்ளவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வண்டியின் பிரேக் எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு பிடிக்கும் என்பது என் காலுக்குத் தெரியாது. இந்த ஒன்று ஜப்பானில் ஓடிப் பழகிய வண்டிக்கும் பொருந்தும். எஞ்சின் பழகியிருக்கலாம். சாரதி பழகவில்லை.

வீதியோரக் கடை வாசலில் இருந்த ஒரு வயதான அம்மா எழுந்து வந்தார். ஏசவில்லை. "ஆருக்கு ஐயா இவ்வளவு அவசரம்?" என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. சிறுவன் பையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டான். முறிகண்டிவரை மனைவி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அங்கே வழமைபோல் இறங்கி, தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கினோம். "பிள்ளையார்தான் காப்பாத்தினவர், மாமா" என்றான் மருமகன். உண்மைதான். அவர் அந்தப் பிள்ளையை என்னிடமிருந்து காப்பாற்றியிருந்தார்.

இப்போது அந்தத் திருமண மேசையில் நான் ஏன் மௌனமாக இருந்தேன் என்பது விளங்கும்.

ஊர் திரும்பியதும் வண்டியை வீட்டுக்கு அருகிலுள்ள கராஜுக்குக் கொண்டு போனேன். எங்கள் ஒருகொடவத்தைப் பயிற்சி நிறுவனத்தில் படித்து வெளியேறிய பாஸ் ஒருவர் நடத்துவது அது. கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஐயா, புது எஞ்சினும் புது வண்டி ஓட்டுறவரும் ஒன்னுதான். ஒரே ஸ்பீட்ல வச்சிருந்தா ரெண்டும் தூங்கிடும்" என்றார். கையேடு ஒரு பக்கத்தில் சொன்னதை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

நான் முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைச் செய்தி திருத்துபவன். விபத்துச் செய்திகளில் நாங்கள் வழமையாக எழுதும் தொடர் ஒன்றுண்டு: "வேகக் கட்டுப்பாட்டை இழந்த கார் மதகுடன் மோதியதில்". வடக்குச் செய்தியாளர்கள் அனுப்பும் குறிப்புகளில் இத்தொடரை எத்தனை தடவை கடந்து சென்றிருப்பேன் என்று கணக்கில்லை. கட்டுநாயக்காவில் வெளிநாட்டு உறவினரை ஏற்றிக்கொண்டு இரவோடிரவாக வடக்கே வரும் வான்களைப் பற்றியும் இதே தொடர்தான். நான்கு வரிச் செய்தி, நடுவில் இத்தொடர், கடைசியில் "மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர்". கனகராயன்குளத்துக்குப் பிறகுதான் அந்த வாக்கியத்தில் எழுவாய் பிழை என்பது எனக்கு உறைத்தது. கார் எதையும் இழப்பதில்லை. ஆசனத்தில் இருப்பவன் கட்டுப்பாட்டைக் கைவிடுகிறான். இந்நாட்டு வீதிகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் இறக்கிறார்கள். அவர்களுடைய மரணத்தை இயந்திரத்தின் தலையில் எழுதி வைத்ததில் என் பேனாவுக்கும் பங்குண்டு.

இந்த வீதியில் வேகத்தைப் பற்றிப் பெருமை பேச நமக்கு இன்னொரு காரணத்தாலும் கூச்சம் வரவேண்டும். 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கான தரைவழி அடைபட்டது. கிளாலியில் இரவில் படகேறிக் கடல்நீரேரியைக் கடந்தவர்கள் இதை வாசிப்பவர்களில் நிச்சயம் இருப்பீர்கள். கொழும்பிலிருந்து வீடு போய்ச் சேர நாட்கள் ஆயின. சிலர் போய்ச் சேரவில்லை. பொருளாதாரத் தடைக்குள் கிடந்த யாழ்ப்பாணத்தில், துளி பெற்றோலை ஊற்றி முடுக்கி, மண்ணெண்ணெயில் பழைய ஏ40 களையும் மொறிஸ் மைனர்களையும் ஓடவைத்தார்கள். எஞ்சினின் மூச்சைக் காதால் கேட்டு அறிந்த தலைமுறை அது. 1997 மேயில் தொடங்கிய ஜயசிக்குறு நடவடிக்கை 1998 டிசெம்பரில் கைவிடப்படும்வரை, ஓமந்தையிலும் புளியங்குளத்திலும் கனகராயன்குளத்திலும் மாங்குளத்திலும் எத்தனை இளம் உயிர்கள் இந்த ஒரு வீதிக்காக மண்ணில் விழுந்தன! 2002 இல் ஏ9 திறந்தது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடியது. திறந்திருந்த அந்த நான்காண்டுகளில் வன்னிப் பகுதியில் புலிகளின் காவல்துறை வேகத்தை அளந்து தண்டம் அறவிட்டது. அப்போது கொழும்புச் சாரதிகள் எவ்வளவு ஒழுக்கமாக ஓட்டினார்கள் என்பதை நான் கண்ணால் கண்டவன். துவக்குக்கு அஞ்சிக் குறைத்த வேகத்தை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்காகக் குறைக்க மனம் வரவில்லையென்றால், நாம் எவ்வகையான மனிதர்கள்?

மறுப்புகள் வரும் என்று தெரியும். "எங்களுக்கு விடுமுறை இரண்டு வாரம்தான்" என்பார்கள் புலம்பெயர்ந்தோர். மருமகனும் அதையே சொன்னான். ஒன்ராறியோவில் தண்டத்துக்கும் காப்புறுதிக் கட்டண உயர்வுக்கும் அஞ்சி வேகமானியில் கண்வைத்து ஓட்டும் அதே பிள்ளைகள், புளியங்குளத்தில் அந்த அச்சத்தைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். மிச்சம் பிடித்த இரண்டரை மணித்தியாலத்தை என்ன செய்தோம் என்று யோசித்துப் பார்த்தேன். பெரியம்மா வீட்டுத் திண்ணையில் களைத்துப்போய்த் தூங்கினோம்.

"இரவுச் சொகுசு பஸ்கள் எங்களைவிட வேகமாகப் போகின்றனவே" என்பது அடுத்தது. போகின்றன. அவற்றைப் பற்றித் தனியே எழுதவேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் திருடுவது நாம் திருடுவதற்கு நியாயமாகாது. "வீதி காலியாகத்தானே இருக்கிறது" என்பது மூன்றாவது. அந்த வீதி காலியன்று. அறுவடைக் காலத்தில் ஓரத்தில் நெல் காய்கிறது. மாலையானால் விளக்கில்லாத உழவு இயந்திரம் வருகிறது. இரவில் சூடு ஆறாத தாரில் மாடுகள் படுத்துக்கிடக்கின்றன. புத்தளம் - அநுராதபுரம் வீதியில் யானை குறுக்கிடும். காலியாகத் தெரிவது நம் கண்ணில் உள்ள குறை.

யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும்போது வேறுவிதமாக ஓட்டினேன். காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். முதல் பத்து நிமிடம் எஞ்சின் சூடேறும்வரை மெதுவாக. பிறகு 50 க்கும் 70 க்கும் இடையே ஏற்றியும் இறக்கியும். ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நிறுத்தம்: மாங்குளம், மதவாச்சி, புத்தளம். சிலாபத்தில் முன்னேஸ்வரத்துக்கும் போனோம். ஆளில்லாத நேர்வீதியில் பின்னால் எவரும் இல்லையென்று பார்த்து, மெல்லென்று ஆரம்பித்துச் சீராகப் பிரேக் பிடித்துப் பழகினேன். மாலை நாலரைக்கு ஒருகொடவத்தை. நிறுத்தங்களோடு பத்து மணித்தியாலம். அப்போதுதான் கவனித்தேன்: கையேடு கேட்கும் ஓட்டமும் சட்டம் கேட்கும் ஓட்டமும் ஏறக்குறைய ஒன்றேதான். ஊர்மனையில் இறங்கியும் வெளியில் ஏறியும் செல்லும் நமது சாதாரண வீதி, புது எஞ்சினுக்கு இயற்கையாக அமைந்த பயிற்சிக்களம். அதைப் பந்தயத்திடல் ஆக்கியது நாம்தான்.

ஆகவே நண்பர்களே, புதுக் கார் வாங்கினால் யாழ்ப்பாணத்துக்குப் போங்கள். தாராளமாகப் போங்கள். முதல் 300 கிலோமீற்றரை நகரத்துக்குள்ளேயே ஓடி முடித்து, பிரேக்கும் காலும் ஒன்றையொன்று அறிந்த பின்னர் போங்கள். குரூஸ் கொன்ட்ரோலைத் தொடாதீர்கள். கையேட்டில் அந்த ஒரு பக்கத்தையாவது வாசியுங்கள். ஜப்பானிய மொழியில் இருந்தால், அதே மாதிரியின் ஆங்கிலக் கையேடு தேடினால் கிடைக்கும். இனி எந்த மணவீட்டிலாவது "ஐஞ்சு மணித்தியாலம்" என்று யாராவது தொடங்கினால், என்னைப்போல் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். கனகராயன்குளத்து அம்மாவின் கேள்வியை அவரிடம் கேளுங்கள். ஆருக்கு ஐயா இவ்வளவு அவசரம்?